ஈ-த்ரீயும் ஏழரையும்

பொழிச்சலூர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, தலைக்கு மேலே தாழப் பறக்கும் விமானம். இன்னொன்று, அகத்தீஸ்வரர் கோயில். வட திருநள்ளாறு என்று பெயர் வாங்கிய கோயில் அது. சனிக்கிழமை ஆனால் போதும், ஏழரை நடக்கிறவர்கள், அஷ்டமத்துச் சனி நடக்கிறவர்கள், ஜோசியர் சொல்லி அனுப்பியவர்கள் எல்லோரும் எள் விளக்கோடு வந்துவிடுவார்கள். சனி ஒரு ராசியில் இருப்பது இரண்டரை வருடம். அடுத்த பெயர்ச்சி எப்போது என்று அந்த வரிசையில் யாரைக் கேட்டாலும் தேதியோடு சொல்வார்கள்.

அதே பொழிச்சலூர், பம்மல், பல்லாவரம் வட்டாரத்தில் இன்னொரு கூட்டமும் ஒரு தேதியை மனப்பாடமாக வைத்திருந்தது. வயது பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குள். 'இந்த வருஷம் ஈ-த்ரீ என்னிக்குடா?' என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடைசி தேதி எது என்று கேட்டால் மட்டும் வராது :-)

ஈ-த்ரீ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எலக்ட்ரானிக் என்டர்டெயின்மென்ட் எக்ஸ்போ. மூன்று 'ஈ', அதனால் ஈ-த்ரீ. பெரும்பாலும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த வீடியோ கேம் கண்காட்சி. 1995 மே மாதம் ஆரம்பித்தது. 2006 வரை அநேகமாக மே மாதம்தான், இங்கே கத்திரி வெயில் கொளுத்தும்போது. 2009லிருந்து ஜூனுக்குப் போய்விட்டது, இங்கே பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ எல்லோரும் மேடை போட்டு, இனிமேல் வரப்போகிற கேம் என்ன, மெஷின் என்ன, விலை என்ன என்று அங்கேதான் சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அது முதலில் ரசிகர்களுக்கான திருவிழாவே கிடையாது. வர்த்தகக் கண்காட்சி. கடைக்காரர்கள் வந்து சரக்கைப் பார்த்து, கிறிஸ்துமஸ் சீசனுக்கு எத்தனை ஆயிரம் பீஸ் எடுப்பது என்று முடிவு செய்யும் இடம். கூடவே பத்திரிகைக்காரர்கள். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 2017ல்தான் முதல் முறையாக 15,000 டிக்கெட்டைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். விலை 250 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 16,000 ரூபாய். ஆக, இருபது வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க இருந்த ரசிகர்கள் தங்களை உள்ளே விடாத ஒரு கல்யாணத்துக்காகத்தான் வருடா வருடம் நாள் எண்ணிக்கொண்டு இருந்தார்கள்.

அந்தக் கல்யாணம் நடந்ததற்கே ஒரு பின்கதை உண்டு. 1995க்கு முன்பு கேம் கம்பெனிகளுக்கென்று தனிக் கண்காட்சி கிடையாது. டிவி, ரேடியோ, டேப் ரெக்கார்டர் விற்பவர்களின் கண்காட்சியில் ஓரமாக இடம் கொடுப்பார்கள். ஒரு வருடம் சேகா கம்பெனிக்குப் பின்பக்கம் ஒரு கூடாரத்தில் இடம் கொடுத்து, மழை பெய்து, மெஷின்கள் மேல் தண்ணீர் ஒழுகியதாம். அன்றைக்கு சேகாவின் அமெரிக்கத் தலைவராக இருந்த டாம் கலின்ஸ்கே பிற்பாடு சொன்ன கதை இது. 1994ல் கேம் கம்பெனிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். அடுத்த வருடமே சொந்தக் கண்காட்சி.

அந்த முதல் ஈ-த்ரீயில் வெடித்த பெரிய குண்டின் பெயர் என்ன தெரியுமா? சேகா சாட்டர்ன். சாட்டர்ன் என்றால் சனி! பொழிச்சலூர்க்காரர்கள் இதைக் கேட்டால் 'அட, முதல் கோணலே நம்ம ஆளா' என்பார்கள்.

நடந்தது இதுதான். சாட்டர்ன் மெஷின் 1995 செப்டம்பர் 2ஆம் தேதி, சனிக்கிழமை, அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் என்று சேகா சொல்லி வைத்திருந்தது. சனிக்கிழமையைச் சனி மெஷினின் நாளாக்கி விளம்பரமும் செய்தது. ரசிகர்கள் உண்டியலில் காசு போட ஆரம்பித்தார்கள். கம்பெனிகள் செப்டம்பரைக் கணக்கு வைத்து கேம் செய்துகொண்டிருந்தார்கள். சோனியின் முதல் பிளேஸ்டேஷன் அதற்கு ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 9ல் வர இருந்தது. சோனியை முந்த வேண்டும் என்ற அவசரம் சேகாவுக்கு. மே 11 அன்று ஈ-த்ரீ மேடையில் ஏறிய கலின்ஸ்கே ஒரு போடு போட்டார். செப்டம்பர் எல்லாம் வேண்டாம், சாட்டர்ன் இன்றைக்கே கடையில் இருக்கிறது, விலை 399 டாலர்!

கை தட்டலோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் சரக்கு போனது நான்கு கடைத் தொடர்களுக்கு மட்டும். விட்டுப்போன கடைக்காரர்களுக்குக் கோபம். அதில் ஒரு பெரிய பொம்மைக் கடைத் தொடர் சேகா சரக்கையே இனி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. விளையாட கேமும் போதவில்லை, எல்லோரும் செப்டம்பருக்குத்தானே செய்துகொண்டிருந்தார்கள். அன்றே சோனியின் முறை வந்தது. ஸ்டீவ் ரேஸ் என்பவர் மேடைக்கு வந்து ஒரே ஒரு எண்ணைச் சொன்னார். 299. சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு.

கடைசியில் சாட்டர்ன் உலகம் முழுக்க விற்றது ஒரு கோடிக்கும் கீழே. பிளேஸ்டேஷன் பத்துக் கோடியைத் தாண்டியது. 2001 ஜனவரியில் சேகா இனி மெஷினே செய்வதில்லை என்று அறிவித்தது. சாட்டர்ன் ஜப்பானில் வெளிவந்தது 1994 நவம்பரில். ஏழரை வருடம்கூட முழுசாகப் பிடிக்கவில்லை!

சேகா தோற்றதற்கு நிறையக் காரணம் சொல்வார்கள். விலை, கேம் செய்யக் கஷ்டமான வடிவமைப்பு, ஜப்பான் ஆபீசுக்கும் அமெரிக்க ஆபீசுக்கும் இருந்த இழுபறி. எல்லாம் சரிதான். ஆனால் அந்த மே 11ல் சேகா எடுத்து எறிந்தது இன்னொன்றும் உண்டு. நாலு மாதக் காத்திருப்பு. கையில் வராத பொருள்மேல் ஒருவன் நாலு மாதம் ஆசை வளர்க்கிறான் பாருங்கள், அது கம்பெனிக்கு இலவசமாகக் கிடைக்கிற மூலதனம். அதைச் செலவே செய்யாமல் குப்பையில் போட்டது சேகா. படத்துக்கு டிரெய்லர் விடாமல், போஸ்டர் ஒட்டாமல், திடீரென்று ஒரு வியாழக்கிழமை ரிலீஸ் செய்த மாதிரி.

சரி, பொழிச்சலூருக்கு வரலாம்.

2000களின் ஆரம்பத்தில் இந்தப் பக்கம் பையன்களுக்கு கேம் வந்து சேர்ந்த பாதை கொஞ்சம் சுற்றுவழி. பல்லாவரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன், இறங்கினால் பர்மா பஜார். அங்கே சிடி. மெஷின், கேபிள், ரிப்பேர் என்றால் ரிச்சி தெரு. கையில் காசு இன்னும் கம்மி என்றால் பக்கத்திலேயே பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. யாரோ விளையாடித் தீர்த்த கன்ட்ரோலர், கேசட், பாதி உயிரோடு இருக்கும் மானிட்டர் எல்லாம் அங்கே தரையில் விரித்த சாக்கில் கிடக்கும். ஒயரைப் பிடித்துப் பார்த்து, பேரம் பேசி, வேலை செய்தால் அதிர்ஷ்டம்.

கேம் இப்படிச் சுற்றி வந்தது. ஆனால் ஈ-த்ரீ செய்தி மட்டும் நேரே வந்தது. 'டிஜிட்' பத்திரிகையோடு வரும் சிடியிலும் டிவிடியிலும் டிரெய்லர், டெமோ இருக்கும். ஒரு பையன் வாங்கினால் தெருவே பார்க்கும். ப்ரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, ஆர்க்குட்டைத் திறக்காமல் ஈ-த்ரீ படங்களைப் பார்த்த தியாகிகளும் உண்டு. 2005ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. 256 கேபிபிஎஸ். 100 எம்பி டிரெய்லர் ஒன்று இறங்க, லைன் கட் ஆகாமல் இருந்தால், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். சில பிளான்களில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில் சேராது. அதனால் அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து, டவுன்லோடைத் தட்டிவிட்டு, மறுபடி படுத்த பையன்கள் அப்போது நிறைய. மூன்று நிமிட வீடியோவுக்கு இந்தப் பாடு!

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பித்தது. பிளஸ் டூ பையன்கள் கைக்கு லேப்டாப் வந்தது. அதில் வைஸ் சிட்டி ஓடும், சான் ஆண்ட்ரியாஸ் ஓடும். அந்த வருடத்துப் புது கேம் எதுவும் ஓடாது, கிராபிக்ஸ் கார்டு கிடையாதே. ஆனால் புது கேமின் டிரெய்லர் நன்றாகவே ஓடும்! கேம் ஓடாத மெஷினில் கேமின் டிரெய்லரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. வெளியே இருந்து பார்த்தால் பரிதாபமாகத் தெரியலாம். பார்த்தவர்கள் யாரும் அதைப் பரிதாபமாக நினைக்கவில்லை.

2013 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை மணி ஆறரை. லாஸ் ஏஞ்சலஸில் அப்போது திங்கட்கிழமை மாலை 6 மணி, சோனியின் நிகழ்ச்சி தொடங்கும் நேரம். முந்தின இரவு இங்கே மணி பத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் விலையைச் சொல்லியிருந்தது. 499 டாலர். விலையைவிடப் பெரிய தலைவலி வேறு. அந்த மெஷின் 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் சேர வேண்டும். பழைய டிஸ்க்கை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடு. அமெரிக்காவில் இது ஒரு விவாதம். பல்லாவரம் பக்கத்தில் இது வாழ்வா சாவா. ஒரு டிஸ்க்கை நாலு பேர் பங்கு போட்டு வாங்கி, முடித்தவன் அடுத்தவனுக்குக் கொடுத்து, கடைசியில் பாதி விலைக்கு விற்று அடுத்த டிஸ்க் வாங்குவதுதானே இங்கத்திய முறை. கரண்ட்டே சொல்லாமல் போகும்போது தினமும் இன்டர்நெட் செக்கிங் வேறா!

சோனி மேடையில் ஜாக் டிரெட்டன் அறிவித்தார். பழைய டிஸ்க்குக்குக் கட்டுப்பாடு கிடையாது. தினசரி இணையச் சோதனை கிடையாது. விலை 399 டாலர். அரங்கம் எழுந்து கத்தியது. அதே நேரம் சோனி அரை நிமிடம்கூட வராத ஒரு வீடியோவும் விட்டது. கேமை நண்பனோடு எப்படிப் பகிர்வது என்பதற்கு விளக்கம். ஒருவர் டிஸ்க்கை நீட்டுவார், இன்னொருவர் வாங்கிக்கொள்வார். முடிந்தது வீடியோ!

இங்கேயும் கத்தினார்கள். அன்று காலை எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கக்கூடிய பேச்சு இது:

'டேய், காலங்காத்தால யார்கூடடா சண்டை?'

'சண்டை இல்லப்பா. ரேட் சொல்லிட்டான்.'

'எதுக்கு ரேட்?'

'ஒரு மெஷினுக்குப்பா.'

'வாங்கப் போறியா?'

'இல்லப்பா.'

'அப்புறம் எதுக்குடா இந்தக் கத்து கத்தற?'

நியாயமான கேள்விதான். அந்த மெஷின் அமெரிக்காவில் 2013 நவம்பர் 15ல் வந்தது. இந்தியாவில் 2014 ஜனவரி 6ல். விலை 39,990 ரூபாய். 399 டாலர் அன்றைய மாற்று விகிதத்தில் 25,000 ரூபாய் வரும், மீதியை வரியும் இறக்குமதிச் செலவும் தின்றுவிட்டன. பிளேஸ்டேஷன் 5 கதையும் அப்படியே. அங்கே 2020 நவம்பர், இங்கே 2021 பிப்ரவரி, 49,990 ரூபாய். ஒரு புது கேம் டிஸ்க் 4,999. பி.காம். படிக்கும் பையன் பார்ட் டைம் வேலை பார்த்தாலும் கணக்கு இடிக்கும்.

அப்படியானால் ஏன் கத்தினான்? பதில் சுலபம். பொருள் பொழிச்சலூருக்கு வரும்போது இரண்டு மாதம் லேட்டாக, ஒன்றரை மடங்கு விலையில் வருகிறது. ஆசை மட்டும் லேட் ஆகாமல் வருகிறது, விலையும் ஏறாமல். லாஸ் ஏஞ்சலஸ் அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரும், பம்மல் பக்கத்தில் லுங்கியோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தவனும் அந்த 399ஐ ஒரே நொடியில் கேட்டார்கள் (சரி, பஃபரிங்குக்கு ஒரு நிமிடம் கழித்துக்கொள்ளலாம்). பொருளில் கிடைக்காத சமத்துவம் காத்திருப்பில் கிடைத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு அந்தப் பஃபரிங்கும் போயிற்று. மொட்டை மாடியில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

வாங்கப் போகிறவனுக்கு டிரெய்லர் ஒரு விளம்பரம். வாங்க முடியாதவனுக்கு அது முழுப் பொருள். அவன் விளையாடிய கேம் அதுதான். இந்தக் கதை எப்படிப் போகும், அந்த ஊருக்குள் போக முடியுமா, கதவு திறக்குமா என்று டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்கு எந்தக் கம்பெனியும் பில் போட முடியாது.

ஆனால் பில் போட முயற்சி செய்யாமல் இருப்பார்களா? இங்கேதான் ஏழரை ஆரம்பிக்கிறது.

2005 ஈ-த்ரீயில் சோனி 'கில்ஸோன்' கேமின் அடுத்த பாகத்துக்கு ஒரு வீடியோ காட்டியது. அப்படி ஒரு கிராபிக்ஸை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிறகுதான் தெரிந்தது, அது மெஷினில் ஓடிய கேம் இல்லை, முன்கூட்டியே கம்ப்யூட்டரில் செய்து வைத்த அனிமேஷன். நிஜ கேம் வந்தது 2009 பிப்ரவரியில். 'தி லாஸ்ட் கார்டியன்' என்று இன்னொரு கேம். ஒரு சிறுவனும் ஒரு பெரிய விலங்கும் பற்றிய கதை. 2009 ஜூன் ஈ-த்ரீயில் அறிவித்தார்கள். வந்தது 2016 டிசம்பர். கூட்டிப் பாருங்கள், ஏழரை வருடம்! பொழிச்சலூருக்கு ஒரு எள் விளக்கு போட்டிருந்தால் சீக்கிரம் வந்திருக்குமோ என்னவோ.

இந்த இரண்டிலாவது காத்திருந்தவர்களுக்குப் போனது நேரம் மட்டும். 2019 ஈ-த்ரீயில் போனது காசு. மைக்ரோசாஃப்ட் மேடையில் 'சைபர்பங்க் 2077' டிரெய்லர் முடிந்ததும் புகை நடுவிலிருந்து கியானு ரீவ்ஸ் நடந்து வந்தார். 2020 ஏப்ரல் 16 ரிலீஸ் என்றார்கள். அப்புறம் செப்டம்பர். அப்புறம் நவம்பர். கடைசியில் டிசம்பர் 10. அதற்குள் 80 லட்சம் பேர் முன்பணம் கட்டி ஆர்டர் கொடுத்திருந்தார்கள் என்று கம்பெனியே சொன்னது. கேம் வந்தது. பிளேஸ்டேஷன் 4லும் பழைய எக்ஸ்பாக்ஸிலும் அது ஓடிய லட்சணம் ஊரே சிரித்தது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது.

இதில் இந்தியாவுக்கு மட்டும் ஒரு கூடுதல் அடி. அந்த டிசம்பரில் பிளேஸ்டேஷன் 5 இந்தியக் கடைக்கே வரவில்லை. ஆக, இங்கே பிளேஸ்டேஷனில் விளையாட முன்பணம் கட்டிய ஏறக்குறைய எல்லோருக்கும் பழைய மெஷின்தான் கதி. இருப்பதிலேயே மோசமாக ஓடிய கேம் கிடைத்தது, குறைவான காசு உள்ளவர்களுக்கு.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது புரியும். வாடிக்கையாளர் கட்டும் முன்பணம் கம்பெனியின் வருமானம் ஆகாது. பொருளைக் கொடுக்கும் வரை அது இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம்தான் உட்காரும். அதாவது கடன். முன்பதிவு செய்கிற ஒவ்வொரு பையனும் தெரியாமலே அந்தக் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறான், அதுவும் என்ன பொருள் வரும் என்று பார்க்காமலே! கல்யாணச் சமையலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்கூட மாமா ஒருவர் போய் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு வருவார். அந்தக் காலத்தில் கேம் டிஸ்க் தீர்ந்துபோகும் என்று ஒரு காரணமாவது இருந்தது. டவுன்லோட் எப்படித் தீரும்?

கடைசியில் ஈ-த்ரீயே தீர்ந்துபோனது.

அது ஒரே நாளில் நடக்கவில்லை. நின்டெண்டோ 2013லேயே பெரிய மேடையை விட்டுவிட்டு, முன்பே பதிவு செய்த வீடியோவுக்குப் போனது. 2016ல் ஈஏ அரங்கைவிட்டு வெளியே வந்து தனி நிகழ்ச்சி வைத்தது. 2019ல் சோனி வரவே இல்லை. அதே வருடம் கண்காட்சிக்குப் பதிவு செய்த 2,000க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள், வீடியோ போடுகிறவர்களின் முகவரியும் போன் நம்பரும் அமைப்பாளர்களின் தளத்திலிருந்தே கசிந்தன. 2020ல் கொரோனாவால் ரத்து. 2021ல் ஆன்லைனில் மட்டும். 2022, 2023 இரண்டிலும் ரத்து. 2023 டிசம்பர் 12ல் இனி ஈ-த்ரீ கிடையாது என்று முறையாக அறிவித்துவிட்டார்கள்.

காரணமும் வியாபாரம்தான். கடைக்காரர்களைக் கூட்டி ஆர்டர் வாங்கத்தானே கண்காட்சி? கேம் டவுன்லோடாக விற்க ஆரம்பித்ததும் நடுவில் இருந்த கடைக்காரருக்கு வேலை குறைந்தது. பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை, யூடியூபில் நேரே போடலாம். தரகர் இல்லாமல் வீடு விற்கத் தெரிந்தவன் தரகருக்கு ஏன் கமிஷன் கொடுப்பான்? கோடிக்கணக்கில் செலவு செய்து மூன்று நாளைக்கு ஸ்டால் போடுவதைக் கம்பெனிகள் நிறுத்திவிட்டார்கள்.

அதன் இடத்துக்கு ஜெஃப் கீலி என்பவர் 2020ல் ஆரம்பித்த சம்மர் கேம் ஃபெஸ்ட் வந்தது. ஜூன் மாதமே நடக்கிறது, கிட்டத்தட்ட அதே கம்பெனிகள். 2024ல் அதில் ஒரு நிமிட டிரெய்லர் போடக் கட்டணம் 2,50,000 டாலர் என்று எஸ்குயர் பத்திரிகையில் செய்தி வந்தது. மற்ற கம்பெனிகள் அவரவர் வசதிக்கு பிப்ரவரியில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று வீடியோ விடுகிறார்கள். செய்தி குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது. ஆனால் ஊருக்குப் பொதுவாக ஒரு நாள் என்று ஒன்று இருந்தது. கொடியேற்றம், தேர், தெப்பம் என்று வரிசை இருந்தது. இப்போது வருடம் முழுக்கத் தினமும் ஒரு உற்சவம். அலாரம் வைத்து எழுந்திருக்க யாருக்கும் தோன்றுவதில்லை. காலையில் எழுந்து ரீல்ஸில் பார்த்துக்கொள்ளலாமே.

இதற்கு நடுவில் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம் வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் கத்திப்பாரா போய், இடதுபக்கம் திரும்பினால் நந்தம்பாக்கம். அங்கே சென்னை வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தது. பல வருடம் ஹைதராபாத்தில் நடந்துவந்த இந்திய கேம் டெவலப்பர்கள் மாநாடு 2025 நவம்பரில் அதே நந்தம்பாக்கத்துக்கு வந்தது. ஈ-த்ரீக்காக லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தை இந்திய நேரமாக மாற்றிக் கணக்குப் போட்ட தலைமுறை, பஸ்ஸில் போய் இறங்கிப் பார்க்கலாம் என்ற நிலைமை. காட்டுகிறவன் அமெரிக்காவில், பார்க்கிறவன் பொழிச்சலூரில் என்று இருந்தது மாறி, செய்கிறவனே பக்கத்து ஊரில் இருக்கலாம் என்று வந்திருக்கிறது. இது சின்ன மாற்றம் இல்லை. டிரெய்லரைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களில் ஓரிருவர் அதை எப்படிச் செய்தார்கள் என்றும் பார்த்திருப்பார்கள் அல்லவா?

காத்திருப்பு செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஜிடிஏ ஆறாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் வந்தது. ஆறின் முதல் டிரெய்லர் இந்திய நேரப்படி 2023 டிசம்பர் 5 அதிகாலை வெளியானது. 24 மணி நேரத்தில் பார்த்தவை 9 கோடிக்கும் மேல். எந்தக் கண்காட்சியும் இல்லை, மேடையும் இல்லை, ஒரே ஒரு வீடியோ. 2025ல் ரிலீஸ் என்றார்கள். 2025 மே மாதம், 2026 மே 26 என்று மாற்றினார்கள். 2025 நவம்பரில் மறுபடி மாற்றி, 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். ஐந்தாம் பாகத்தை எட்டாம் வகுப்பில் இருக்கும்போது விளையாடியவனுக்கு இதற்குள் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

ஆனாலும் அந்த ஒவ்வொரு தள்ளிவைப்புச் செய்திக்கும் வாட்ஸப் குரூப்பில் நடக்கிற ஒப்பாரியைக் கேட்டால், அதிலும் ஒரு சந்தோஷம் ஒளிந்திருப்பது தெரியும். 'போச்சுடா, இன்னும் ஆறு மாசம்' என்று எழுதுகிறவன், அந்த ஆறு மாசமும் பேச விஷயம் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறான். ரஜினி படம் தள்ளிப் போனால் ரசிகர்கள் பேசுவதைப் போலத்தான். படம் வந்தபிறகு இரண்டு நாள் பேச்சு. வருவதற்கு முன்னால் இரண்டு வருடப் பேச்சு.

அந்த 2013 அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுவாகத்தான் இருக்கும்: கத்துவதற்குக் காசு கிடையாதுப்பா, அதனால்தான் கத்துகிறேன். அந்த வரை நியாயம். அதே பையன் அடுத்த மாதம் வந்து 'முன்பதிவுக்கு அஞ்சாயிரம் குடுப்பா' என்று கேட்டால் அப்போது யோசிக்க வேண்டும். எதிர்பார்ப்பு என்பது கேமில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே பகுதி. வசதி குறைந்தவனுக்கும் முழுசாகக் கிடைக்கும் பகுதி. அதற்கும் காசு கட்டினால் அதில் என்ன மிச்சம்? சேகா காத்திருப்பை வீணடித்துக் கெட்டது. ரசிகன் அதைக் காசு கொடுத்து வாங்கிக் கெட வேண்டாம்.

2026 நவம்பர் 19 வியாழக்கிழமை வருகிறது. இன்னொரு முறை தள்ளிப் போகாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் ஏதாவது ஒரு சனிக்கிழமை பொழிச்சலூர் வந்து போகலாம். எள் விளக்குக்கு ஆகும் செலவு முன்பதிவைவிட ரொம்பவே கம்மி. நாலு வாரம் பொறுத்து, வாங்கினவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் டிஸ்க் வாங்கினால் போதும். வாங்குபவர் முடித்ததும் அடுத்த தெருப் பையனுக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. எப்படிக் கொடுப்பது என்று சோனியே அரை நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறதே!